ஞானசௌந்தரியின் ஐந்தரை மணி

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சபையாரின் வீடு ஒன்றுகூட ஞானசௌந்தரியின் ஜெபம் இல்லாமல் திறக்கப்பட்டதில்லை. புது வீட்டுப் பிரதிஷ்டை, பிள்ளைக்கு விசா, மருமகளுக்கு மாசம், மாமனாருக்கு இடுப்பெலும்பு, எதுவானாலும் முதல் போன் குருவானவருக்கு, இரண்டாவது போன் ஞானசௌந்தரிக்கு. சில வீடுகளில் இந்த வரிசை மாறியும் இருந்தது. அது குருவானவருக்கும் தெரியும். நல்ல மனுஷர், கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. பெண்கள் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகச் செயலாளர். அப்பா திசையன்விளைப் பக்கத்தில் உபதேசியாராக இருந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கோடி வரை கேட்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் பாதி மகளுக்கு வந்திருந்தது. மெதுவாகத்தான் ஆரம்பிப்பாள். போகப்போக ஏறும். கூட்டத்தில் யாருக்கு என்ன துக்கம் என்று தெரிந்து அங்கங்கே தொட்டுவிட்டு வருவாள். முடிக்கும்போது முந்தானை நனையாத பெண் இருக்கமாட்டாள். நடிப்பு என்று சொன்னால் அது அநியாயம். நாலு பேர் கண்ணை மூடி முன்னால் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு உண்மையிலேயே நெஞ்சு உருகும். அந்த நாலு பேர் இல்லாவிட்டால்தான் ஒன்றுமே நடக்காது.

தனியாக முழங்கால் போட்டால் இரண்டு நிமிஷம் தாங்காது. "கிருபையுள்ள ஆண்டவரே" என்பதற்குள் கேஸ் புக் பண்ணவில்லையே என்று வரும். அதைத் தள்ளிவிட்டுத் திரும்பினால், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக விழுந்தது நினைவுக்கு வரும். அதையும் தள்ளினால் பக்கத்து வீட்டுத் தென்னை நம் ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டு வருகிறதே என்று வரும். கடைசியில் நெற்றி கட்டில் விளிம்பில் பதியும். தூங்கிவிடுவாள். ஆறு மணிக்கு மேல் எழுந்து வரும்போது விரிப்பின் கோடுகள் கன்னத்தில் வரிவரியாக இருக்கும். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற கணவர் ஜேசுதாசன் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டம்மா அழுது ஜெபிச்ச தடம் காலையில கன்னத்துல கெடக்கும்" என்று சபைக் கோயில் வாசலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவள் மறுக்கவில்லை. மறுக்க ஒரு நேரம் இருந்தது. அது கடந்துபோன பிறகு எப்படி மறுப்பது?

போன வருஷம் ஏப்ரலில் சங்கத்தின் ஒருநாள் கூடுகை பள்ளி மண்டபத்தில் நடந்தது. தலைப்பு, தனி ஜெபம். பேசுவதற்கு ஞானசௌந்தரியை விட்டால் யார்? முக்கால் மணி நேரம் பேசினாள். கைபேசியை அடுத்த அறையில் வை. ஒரே இடத்தில் உட்கார். ஒரே நேரத்தில் உட்கார். நோட்டு ஒன்று வைத்துக்கொள், பெயர்களை எழுது, ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிதானமாகக் கேள். எல்லாம் நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் அசையாமல் கேட்கிறது என்று தெரிந்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நான் காலை ஐந்தரை மணிக்கு அறைக்கதவைச் சாத்தினால் ஆறேகால் வரை உலகம் எனக்குக் கிடையாது" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டாள்.

மண்டபத்தில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கடைசிச் சுவரில் சாய்ந்து நின்று வடிவம்மாளும் அதைக் கேட்டாள்.

வடிவம்மாள் பள்ளியில் துப்புரவு வேலை பார்ப்பவள். முன்னீர்பள்ளத்திலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் வருவாள். கோயிலுக்கும் சபைக்கும் சம்பந்தமில்லாதவள். அவளுடைய சாமி வாய்க்கால் கரையில் இருக்கிறது. புருஷன் பூதத்தான் வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்காரன். ஜூன் மாசம் லாரியில் அடுக்கிய தாருக்கு மேலே நின்று கயிறு இழுக்கும்போது வழுக்கி, மல்லாக்கத் தரையில் விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்று, வடிவம்மாள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஞானசௌந்தரியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கிளார்க்கம்மா, அன்னைக்கு நீங்க பேசுனதக் கேட்டேன். அஞ்சரைக்குக் கதவ அடச்சுக்கிட்டு சாமிட்ட பேசுவீங்களாம்லா. எங்க வீட்டுக்காரரு பேரையும் அதுல ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. அவரு எந்திச்சு உக்காந்தா போதும். வேற யார்ட்டப் போய்க் கேப்பேன்?"

"சொல்லுதேன் வடிவு. தெனமும் சொல்லுதேன். நீ கலங்காத."

சொல்லும்போது ஞானசௌந்தரிக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரும் பொய்யில்லை. மறுநாள் நிஜமாகவே ஐந்தரைக்கு எழுந்தாள். புது நோட்டில் பூதத்தான் என்று எழுதி, பத்து நிமிஷம் கேட்டாள். இரண்டாம் நாள் நாலு நிமிஷம். மூன்றாம் நாள் பெயரைச் சொன்னாள், தூங்கிவிட்டாள். நாலாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான். நோட்டு மருந்து டப்பாவுக்கு அடியில் போய்விட்டது.

வடிவம்மாள் மட்டும் மறக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது, குனிந்து பெருக்கியபடியே தலையைத் தூக்காமல் கேட்பாள்: "இன்னைக்குச் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் வடிவு."

முதல் தடவை, ரசீதுப் புத்தகத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு சொன்னாள். பிறகு பழகிவிட்டது. ஒரு பொய் பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், ஞானசௌந்தரியைப் பொறுத்தவரை ஒன்பது நாள்.

செப்டம்பர் கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டர், முதுகில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார். செய்தால் உட்கார வாய்ப்புண்டு, கால் வருமா என்று சொல்ல முடியாது, செய்வதில் ஆபத்தும் உண்டு என்று மூன்றையும் ஒளிக்காமல் சொன்னார். சொந்தக்காரர்கள் கூடாது என்றார்கள். வடிவம்மாள் நேரே அலுவலகத்துக்கு வந்தாள். "உங்களுக்கு என்னம்மா தோணுது? நீங்க இத்தன நாளாக் கேக்கீங்கல்லா, சாமி ஏதும் சொல்லுதா?"

அந்த நேரம் ஞானசௌந்தரியின் கணினியில் மாணவிகள் விவரம் ஏற மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை உள்ளேயிருந்து இரண்டு முறை மணி அடித்துவிட்டார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "காலையில ஜெபிக்கும்போது மனசுல பெரிய சமாதானம் வந்துச்சு வடிவு. எல்லாம் நல்லபடியா முடியும்."

இது சபைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்கிற பேச்சு. மாப்பிள்ளை பார்த்தாலும், மனை வாங்கினாலும், மாறுதலுக்கு மனுப் போட்டாலும், சமாதானம் வந்தது என்பார்கள், வரவில்லை என்பார்கள். கேட்கிறவர்களுக்கும் அதன் எடை தெரியும். அரைக்கிலோ என்று சொன்னால் கால்கிலோ என்று எடுத்துக்கொள்வார்கள். வடிவம்மாள் சபைக்காரி இல்லையே. அவள் முழுசாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் லீவு லெட்டர் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முகம் தெளிவாக இருந்தது.

"எல்லாரும் வேண்டாம்னாங்கம்மா. நான்தான் ஒத்தக்கால்ல நின்னு கையெழுத்துப் போட்டேன். கிளார்க்கம்மாவுக்குச் சாமி சமாதானம் குடுத்துருச்சு, அதுக்கு மேல எவன் என்ன சொல்லன்னு கேட்டேன். வாயடச்சுப் போச்சு." சிரித்தாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்: "எனக்கு உங்களமாரிப் பேசத் தெரியாது. அஞ்சரை ஆச்சுன்னா அடுப்படியிலேயே கிழக்காமப் பாத்து நிப்பேன். 'அந்தம்மா இப்ப என்ன கேக்காங்களோ, அதக் குடுத்துரு சாமி'ன்னு சொல்லுவேன். அம்புட்டுதான். நாலு மாசமா ஒரு நாளும் விடல."

அவள் போன பிறகு ஞானசௌந்தரி நாற்காலியிலேயே இருந்தாள். காது மடல் சுட்டது. பக்கத்து மேஜை ரீபா, "என்னக்கா, பிரஷரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலு மாசம். ஒரு பொம்பளை விடியக்காலையில் அடுப்படியில் நின்று, இவள் கேட்பதைக் கொடு, இவள் கேட்பதைக் கொடு என்று மன்றாடியிருக்கிறாள். இவளோ வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்தி முழங்கால் போட்டாள். உடனே வார்த்தை வந்தது. பழகின வார்த்தை, ஏற்ற இறக்கத்தோடு, கேட்கிறவர் உருகும்படி வந்தது. தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. பாதியில் வாயை மூடிக்கொண்டாள். சொல்லிவிடுவதா? ஆபரேஷன் முடியட்டும், பிறகு பைய சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லபடியாக முடிந்தால் சொல்லவே வேண்டாம் என்று அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அந்த இரண்டாவதைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு ஆபரேஷன். வார்டுக்கு வெளியே நடைபாதையில் வடிவம்மாள் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கிளார்க்கம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்தாள். "வந்துட்டீங்களா! நீங்க வருவீங்கன்னு அவருட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"வடிவு, ஒண்ணு சொல்லணும். நான் ஜெபிக்கல."

"என்னம்மா?"

"ஒன் வீட்டுக்காரருக்காக மூணு நாளுதான் ஜெபிச்சேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் எந்திக்கல. நீ கேக்கும்போதெல்லாம் சொன்னேன்னு சொன்னது பொய். சமாதானம் வந்துச்சுன்னு சொன்னதும் பொய்தான். எனக்கு ஒண்ணும் வரல. அன்னைக்கு வேல மும்முரத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

இவ்வளவையும் அவள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைப் பார்த்துச் சொன்னாள். வடிவம்மாள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவம்மாள் கத்துவாள் என்று ஞானசௌந்தரி நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வடிவம்மாள் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, புரியாத கணக்கைக் கேட்கிற பிள்ளையைப் போலக் கேட்டாள்:

"அப்பம் நாலு மாசமா நான் எதக் குடு எதக் குடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

 எத்தனையோ சாவு வீட்டில், எத்தனையோ ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வார்த்தைக்குப் பஞ்சமில்லாமல் நின்ற ஞானசௌந்தரி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வடிவம்மாள் விறுவிறுவென்று வார்டுக்குள் போனாள். இவளும் பின்னாலேயே போனாள். பூதத்தான் பச்சைத் துணி மாட்டிப் படுத்திருந்தான். வடிவம்மாள் அவன் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். "இப்பம் வேண்டாம்னு சொன்னாலும் டாக்டர் விட்டுருவாரு. என்ன சொல்லுதீங்க?"

பூதத்தான் ஞானசௌந்தரியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியிடம் சொன்னான்: "ஏட்டி, நான் இவுகள நம்பியா சரின்னேன்? டாக்டர் படத்த வெளிச்சத்துல வச்சு எலும்ப எனக்குக் காட்டுனாருல்லா. அதப் பாத்துதான் சரின்னேன். எம்புட்டு நாளைக்கு இப்படியே கெடக்க? நீ போய்க் காப்பியக் குடி."

ஞானசௌந்தரிக்கு மூச்சு வந்தது. வந்த அதே நேரத்தில் இன்னொரு வெட்கமும் சேர்ந்து வந்தது. ஓர் ஆளின் உயிரே தன் நாக்கில் தொங்குவதாக ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த ஆளின் கணக்கில் அவள் இருக்கவே இல்லை. அந்தப் பயத்திலும் கொஞ்சம் பெருமைதான் இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் வடிவம்மாள் சொன்னாள்: "அவருக்கு டாக்டர் இருந்தாரு. எனக்கு நீங்கதாம்மா இருந்தீங்க."

 எட்டரைக்குப் பூதத்தானைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவு சாத்தியதும் வடிவம்மாள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. குரலில் கோபம் இருந்தது. "சரி, இப்பமாவது கேளுங்க. நான் பக்கத்துல நிக்கேன். என்ன கேக்கீங்கன்னு என் காதால கேக்கணும்."

நடைபாதையில் ஆள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஞானசௌந்தரி கண்ணை மூடினாள். பழைய வார்த்தைகள் வாசலில் வந்து நின்றன. ஒன்றையும் உள்ளே விடவில்லை. கடைசியில், "ஆண்டவரே, பூதத்தான் உட்காரணும்" என்றாள். அப்புறம், "என்னைய மன்னியும்" என்றாள்.

"அம்புட்டுதானா?" என்றாள் வடிவம்மாள்.

"அம்புட்டுதான்."

வடிவம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் இதச் சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "தெரியல வடிவு. எந்திப்பேனான்னு எனக்கே நம்பிக்க இல்ல" என்றாள்.

"நான் அஞ்சரைக்கு மிஸ்டு கால் குடுப்பேன். நீங்க எந்திச்சிட்டு ஒரு மிஸ்டு கால் குடுங்க. குடுக்கலேன்னா திருப்பித் திருப்பி அடிப்பேன்."

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரை ஜெபத்துக்கு எழுப்பிவிட முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு பொம்பளை, அதுவும் வாய்க்கால் கரைச் சாமியைக் கும்பிடுகிறவள். இது சங்கத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று மனசு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, "அடி" என்றாள்.

ஆபரேஷன் தப்பில்லாமல் முடிந்தது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாசம் கழித்துப் பூதத்தான் சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் உட்கார்ந்தான். கால் இன்னும் வரவில்லை. தினமும் காலை ஐந்தரைக்குக் கைபேசி இரண்டு முறை அடித்து ஓயும். ஞானசௌந்தரி எழுந்து பதிலுக்கு அடித்துவிட்டு, கைபேசியை அடுக்களையில் வைத்துவிட்டு வந்து முழங்கால் போடுவாள். பூதத்தான் நிற்கணும் என்பாள். கேஸ் ஞாபகம் இப்போதும் வரும். வந்தால் மறுபடியும் பூதத்தானிடம் திரும்பிப் போவாள். ஆறு நிமிஷம், சில நாள் எட்டு. முக்கால் மணி நேரம் என்று மேடையில் சொன்னது நினைவு வரும்போது, ஆள் இல்லாத அறையிலும் முகம் சுடும்.

நவம்பர் சங்கக் கூட்டத்தில், குருவானவர் மனைவி ஆரம்ப ஜெபத்துக்கு அவளைக் கூப்பிட்டார். எழுந்து நின்றாள். "நான் தனியா ஜெபிக்கிற ஆளு இல்ல. ஏப்ரல்ல உங்க எல்லாருட்டயும் பொய் சொன்னேன். வேற யாராவது ஜெபிங்க" என்றாள்.  யாரோ உச்சுக்கொட்டினார்கள். "என்ன தாழ்மை பாரேன்!" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னாலும் தப்பிக்க வழியில்லை என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் சிலராவது நம்பினார்கள். நம்பியவர்கள் போன் பண்ணுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அது வலித்தது. பொறுத்துக்கொண்டாள்.

தை பிறந்து இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை, அழைப்பு வரவில்லை. ஞானசௌந்தரிக்கு ஐந்தரைக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. கைபேசியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஐந்து நாற்பது ஆனது. பூதத்தானுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று முதலில் பயம் வந்தது. எழுந்து கேட்கலாமே, அதற்குத்தானே முழங்கால்? எழவில்லை. அவள் அடிக்காத நாளில் எனக்கென்ன என்று உடம்பு சொன்னது. போர்வையை இழுத்து மூடினாள். விழித்தபோது ஆறரை.

பள்ளியில் வடிவம்மாள் வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

"ஏன் வடிவு இன்னைக்கு அடிக்கல? வீட்டுல சொகந்தானே?"

"சொகந்தாம்மா. நாலு மாசமாகப் போவுது, இனிமே எதுக்கு அடிக்கணும்? நீங்களே எந்திப்பீங்கன்னுதான் விட்டேன். அஞ்சரைக்கு நான் எப்பவும்போல நின்னேன். நீங்க கேக்கதக் குடுன்னு சொன்னேன்." வாளித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னீங்கல்லா?"

வராந்தாவில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒற்றை வார்த்தைதான், சொல்லிவிட்டுப் போய்விடலாம். பழைய சுகம் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது. ஞானசௌந்தரி ஈரத்தரையில் செருப்போடு நின்றாள்.

"சொல்லல வடிவு. முழிச்சுக்கிட்டே படுத்துக் கெடந்தேன். என்னைய நம்பாத. நாளைக்கும் அடி."

வடிவம்மாள் வாளியில் மறுபடி தண்ணீர் பிடித்தாள். பிறகு, "கால எடுங்க" என்றாள். அவள் நகர்ந்த இடத்தில் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கைபேசி அடித்தது.